வீணை இல்லாத கலைமகள்

மயிலாடுதுறையிலிருந்து திருவாரூர் செல்லும் வழியில், பேரளத்தைக் கடந்ததும் பூந்தோட்டம் வரும். அங்கே இறங்கினால் கலைமகள் கோயில் கொண்ட கூத்தனூர் மிக அருகில்தான். எங்கள் பேத்திக்கு மூன்று வயது நிறைந்ததும் அந்த அன்னையின் சந்நிதியில் எழுத்தறிவிக்க வேண்டும் என்பது என் மனைவியின் நெடுநாள் வேண்டுதல். ஆகவே சரசுவதி பூசைக்கு முதல் நாளே புறப்பட்டு, மயிலாடுதுறையில் தங்கினோம்.

இரண்டாம் இராசராச சோழன் தன் அவைக்களப் புலவர் ஒட்டக்கூத்தருக்கு இவ்வூரை வழங்கியதால் கூத்தனூர் என்று பெயர் பெற்றது என்பர். விக்கிரம சோழன், இரண்டாம் குலோத்துங்கன், இரண்டாம் இராசராசன் என மூன்று மன்னர்களின் அவையில் 12ஆம் நூற்றாண்டில் வீற்றிருந்த அவர், தமக்கு வாக்கு அருளியவளுக்கு இங்கே கோயில் எடுத்தார் என்பது தல வழக்கு. அவர் ‘ஆற்றங்கரைச் சொற்கிழத்தி’ என்று வாழ்த்தியது அரசலாற்றின் அருகே அமர்ந்த இவளைத்தான் என்றும் சொல்வார்கள். கலைமகள், நாமகள் என்னும் பெயர்களைவிட இந்தப் பெயர் என் மனத்துக்கு நெருக்கமானது. சொல்லுக்கு உரிமையுடையவள் அவள், நாம் அதை அவளிடமிருந்து வாங்கிப் புழங்குகிறோம் என்ற அடக்கத்தை அது தருகிறது.

சிறுவயது முதல் நாட்காட்டிப் படங்களில் வீணையோடு மட்டுமே அன்னையைக் கண்டு பழகியவன் நான். அதனால், வெண்பட்டு உடுத்து வெண்தாமரையில் அமர்ந்திருந்த மூலவரின் மடியில் என் கண் முதலில் தேடியது வீணையைத்தான். அது அங்கே இல்லை. நான்கு கைகளில் ஒன்றில் சுவடி, ஒன்றில் அட்சமாலை, ஒன்றில் அமிர்த கலசம். எஞ்சிய ஒரு கை சின்முத்திரை காட்டுகிறது. அகரம் முதல் க்ஷகாரம் வரையுள்ள எழுத்துகளே அட்சமாலையின் மணிகள் என்று பெரியோர் விளக்கம் கூறுவர். எழுத்தெல்லாம் ஒரு கையில் உருண்டுகொண்டிருக்க, மற்றொரு கை வாய்பேசாமலே உபதேசிக்கிறது. ஆலமர் செல்வனான தட்சிணாமூர்த்திக்கு உரிய அந்த மௌன முத்திரையைச் சொல்லுக்குத் தலைவியின் கையில் கண்டபோது, வெகுநேரம் அவ்விடம் விட்டு நகர மனம் வரவில்லை.

என்னை மிகவும் ஆட்கொண்டது அந்தக் கலசம். மதுரையில் பசித்தோர்க்கு உணவளிக்க வழியின்றிக் கலங்கிய ஆபுத்திரனுக்கு, கலைமகள் கோயிலான கலை நியமத்தில் எழுந்தருளியிருந்த சிந்தாதேவி அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபியை அளித்ததாக மணிமேகலை கூறும். கல்வித் தெய்வத்தின் கையிலிருந்து சோற்றுப் பாத்திரம் வந்தது என்று நம் காப்பியம் சொல்வதை நினைத்துக்கொண்டே அந்தக் கலசத்தைப் பார்த்தேன், கண் கலங்கிவிட்டது.

பூசையன்று இங்கே பாத தரிசனம் உண்டு. அன்னையின் திருவடிகள் கருவறையைத் தாண்டி அர்த்த மண்டபம் வரை நீண்டிருப்பதுபோல் அலங்கரித்து, வருவோர் தம் கையாலேயே மலரிட்டு வணங்க வழி செய்கிறார்கள். வரிசையில் எங்களுக்கு முன்னால் நின்ற மாணவர்கள் குறிப்பேடுகளையும் பேனாக்களையும் மார்போடு அணைத்திருந்தார்கள். வீட்டில் புத்தகங்களை அடுக்கிச் சந்தனமிட்டு, அன்று ஒரு நாள் ஏட்டைத் தொடாமலிருப்பது நம் வழக்கம். ஓதியதைப் படைத்துவிட்டு வெறுங்கையோடு நிற்கும் அந்த ஒரு நாளை நான் பெரிதும் மதிக்கிறேன்.

விஜயதசமியன்று விடியும் முன்பே மண்டபம் நிறைந்துவிட்டது. தட்டில் பரப்பிய நெல்லின்மேல் பேத்தியின் ஆட்காட்டி விரலைப் பிடித்து, அவள் பாட்டி மெல்ல அகரத்தை எழுதுவித்தாள். முதற்சுழி முடிவதற்குள் குழந்தை கையை இழுத்துக்கொண்டு, ஒரு பிடி நெல்லை அள்ளி எங்களிடம் நீட்டியது. அர்ச்சகர் புன்னகையோடு நெல்லைச் சமப்படுத்தி, விரலை மீண்டும் எடுத்துத் தந்தார். இரண்டாம் முறை எழுத்து முழுமையாக விழுந்தது. அந்த நெல்லில் ஒரு பிடியை மஞ்சள் துணியில் முடிந்து, பூசையறையில் அவளுடைய சிலேட்டின் அருகே வைத்திருக்கிறோம்.