ஸ்ட்ராவில் தொடங்க வேண்டாம்: பசுமை பார் ஒன்றைத் திட்டமிட்ட விதம்

சுற்றுச்சூழலுக்கு உகந்த பார் என்றதும் பலருக்கும் காகித ஸ்ட்ராவும் பழைய மரத்தில் செய்த கவுன்டரும்தான் நினைவுக்கு வரும். இரண்டையும் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். மின்சாரமும் தண்ணீரும் பெரும்பாலும் ஐஸ், குளிர்பதனம், கிளாஸ் கழுவுதல் ஆகிய மூன்றில்தான் போகின்றன. இவை மூன்றும் பிளம்பர் குழாய் போடுவதற்கு முன்பே முடிவாகிவிட வேண்டியவை. அதனால் நாங்கள் முதலில் மெனுவை எழுதினோம். அதிலிருந்து ஐஸ் கணக்கு, அதிலிருந்து மெஷின்கள் என்று போய், கவுன்டரின் வடிவத்தைக் கடைசியில்தான் வரைந்தோம். வரிசையைத் தலைகீழாக்கினால், வாங்கிவிட்ட மெஷினுக்கு ஏற்றபடி மெனுவை வளைக்க வேண்டியிருக்கும்.

ஷேக் செய்து ஐஸ் மேல் ஊற்றும் ஒரு காக்டெயிலுக்கு, ஷேக்கரில் போவதும் கிளாஸில் போவதுமாகச் சேர்ந்து 300 முதல் 400 கிராம் ஐஸ் ஆகிறது. ஃப்ரீசரில் வைத்த கிளாஸில் வடித்துக் கொடுக்கும் பானத்துக்கு அதில் பாதி போதும். மெனுவில் இந்த இரண்டு வகையின் விகிதத்தை மாற்றினாலே மெஷினின் அளவு ஒரு படி இறங்கும். வாங்கும்போது கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: விளம்பரத்தாளில் பெரிதாகப் போட்டிருக்கும் உற்பத்தி அளவு பெரும்பாலும் 21 டிகிரி காற்றுக்கும் 10 டிகிரி தண்ணீருக்கும் உரியது. சூடான ஸ்டோர் ரூமில் அந்த அளவு கிடைக்காது. 32 டிகிரி காற்றுக்கான எண்ணைக் கேட்டு வாங்கி, அதை வைத்துக் கணக்குப் போட வேண்டும்.

30 டிகிரி தண்ணீரில் ஒரு கிலோவைப் பனிக்கட்டியாக்க ஏறக்குறைய 0.13 யூனிட் வெப்பத்தை வெளியே எடுக்க வேண்டும். 100 கிலோ ஐஸ் என்றால் 13 யூனிட். கம்ப்ரசர் தின்னும் மின்சாரமும் இதோடு சேர்ந்து வெப்பமாகத்தான் வெளிவரும். மெஷின் ஏசி அறைக்குள் இருந்தால் அந்த வெப்பம் முழுவதையும் ஏசி மறுபடி வெளியே தள்ள வேண்டும்; ஒரே வேலைக்கு இரண்டு முறை மின்சாரம். எனவே மெஷினைக் காற்றோட்டமுள்ள பின்னறைக்குக் கொண்டுபோனோம். மெஷினின் வெப்பத்தை வெளியேற்றும் பாகமான கண்டன்சரைத் தண்ணீரால் குளிரவைத்து அதை அப்படியே சாக்கடையில் விடும் மாடல்களைப் பட்டியலிலிருந்தே நீக்கிவிட்டோம். ஐஸாகும் தண்ணீரைவிடப் பல மடங்கு தண்ணீர் அவற்றில் வீணாகும். மெஷினுக்கு ஒரு டைமரும் தேவை. கடை மூடிய பிறகு மிச்ச ஐஸ் மேல் வெந்நீர் ஊற்றிக் கரைப்பது பார்களில் வழக்கம். கடைசி இரண்டு மணி நேரம் மெஷினை நிறுத்திவைத்தால் கரைக்க அவ்வளவாக மிஞ்சாது.

கவுன்டருக்கு அடியில் வரும் ஃப்ரிட்ஜுகளில் முதலில் பார்க்க வேண்டியது விவரத் தகட்டில் குறித்துள்ள குளிர்பதன வாயு. ஆர்-404ஏ ஒரு கிலோ கசிந்தால் சுமார் 3.9 டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். ஆர்-290, அதாவது புரொப்பேன், ஒரு கிலோவுக்கு வெறும் 3 கிலோ அளவுதான். புரொப்பேன் தீப்பற்றும் என்று தயங்குபவர்கள் இருக்கிறார்கள். சிறிய ஃப்ரிட்ஜில் இருப்பது பெரும்பாலும் 150 கிராமுக்கு உட்பட்ட அளவே. பழுது பார்ப்பவர் அந்த வாயுவில் பயிற்சி பெற்றவரா என்பதுதான் உண்மையான கேள்வி.

அடுத்து, எதை எதோடு வைப்பது. பாட்டில் பீர், சோடா ஆகியவற்றை மட்டும் வைக்கும் ஃப்ரிட்ஜை இரவில் டைமர் வைத்து நிறுத்தி, கடை திறக்குமுன் ஓடவிடலாம். பழச்சாறு, பால், முட்டை உள்ளதை ஒரு மணி நேரம்கூட நிறுத்தக்கூடாது. இரண்டையும் ஒரே ஃப்ரிட்ஜில் போட்டால் அந்த மின்சார மிச்சம் போய்விடும். கெடும் பொருளுக்கு ஒரு சிறிய ஃப்ரிட்ஜ், தனி சர்க்யூட் என்று வரைபடத்திலேயே பிரித்துவிடுவது நல்லது. கம்ப்ரசருக்கு முன்பக்கமாகக் காற்று போகும் மாடலா என்றும் பார்க்க வேண்டும். பின்பக்கம் காற்று விடும் ஃப்ரிட்ஜைக் கவுன்டருக்குள் சொருகினால் கம்ப்ரசர் ஓய்வே இல்லாமல் ஓடும்.

தண்ணீரில் பெரிய ஓட்டை, மது அளக்கும் கிண்ணமான ஜிக்கரும் கரண்டியும் போட்டுவைக்கும், குழாய் எப்போதும் திறந்தே ஓடும் தொட்டி. நிமிடத்துக்கு 2 லிட்டர் என்றாலும் 8 மணி நேரத்தில் 960 லிட்டர்! அதற்குப் பதில் அழுத்தினால் மட்டும் பீய்ச்சும் ரின்சர் போட்டோம். கிளாஸ் வாஷரில், வெளியேறும் நீராவியின் சூட்டைக் கொண்டு உள்ளே வரும் தண்ணீரைச் சூடாக்கும் மாடல்கள் உண்டு. அவற்றுக்குக் குளிர்நீர்க் குழாய் கொடுக்க வேண்டும். பழக்கத்தில் பிளம்பர் வெந்நீரை இணைத்துவிட்டால் அந்த வசதி வீண். 82 டிகிரியில் அலசும் மெஷினிலிருந்து கிளாஸ் சுடச்சுட வரும். கிளாஸ் கையிருப்பு குறைவாக இருந்தால் சூடான கிளாஸிலேயே ஐஸ் போடுவார்கள், பானம் நீர்த்துப்போகும், மறுபடி ஐஸ். உச்ச நேரத் தேவையைப் போல இரண்டு மடங்கு கிளாஸ் வாங்கினால் இந்தச் சுற்று அறுந்துவிடும்.

பாட்டிலைவிட, பீர் நிரப்பி வரும் ஸ்டீல் பீப்பாயான கெக் நல்லது என்பது பொதுவாகச் சரிதான், ஆனால் குழாயின் நீளத்தைப் பொறுத்தது. 9.5 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள பீர் லைன் மீட்டருக்கு 71 மில்லி பிடிக்கும். நிலவறையிலிருந்து 15 மீட்டர் வந்தால் ஒவ்வொரு லைனிலும் ஒரு லிட்டருக்கு மேல் நிற்கும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை லைனைக் கழுவும்போதெல்லாம் அது கொட்டப்படும். கெக்கைக் கவுன்டருக்குப் பின்சுவரிலேயே வைத்து 4.8 மில்லிமீட்டர் குழாயில் 2 மீட்டர் இழுத்தால் கொட்டுவது 36 மில்லிதான். மூன்று நான்கு வாரத்தில் காலியாகாத பீருக்குக் குழாய் கொடுக்கவில்லை. கெக் அறை சிறியதாக இருந்தால், பீரைத் தள்ளும் கார்பன் டை ஆக்சைடு கசிந்தால் எச்சரிக்கும் அலாரம் கட்டாயம். காற்றைவிடக் கனமான வாயு என்பதால் அலாரத்தின் சென்சாரைத் தரைக்கு அருகில் பொருத்த வேண்டும்.

எலுமிச்சைதான் குப்பைத்தொட்டியை நிரப்பும். பிழிந்த சாறு ஒரு நாளைக்கு மேல் சுவை நிற்காது. தோல் முழுவதும் வீண். இதற்கு இப்போது பார்களில் பரவலாக இருக்கும் முறை: வெள்ளைப் பகுதி இல்லாமல் சீவிய 100 கிராம் தோலோடு 66 கிராம் சிட்ரிக் அமிலம், 33 கிராம் மாலிக் அமிலம் கலந்து மூடி ஒரு மணி நேரம் வைக்க வேண்டும். தோலிலிருந்து எண்ணெய் இறங்கி அடியில் கூழாகத் தேங்கும். அதில் 1.67 லிட்டர் தண்ணீர் ஊற்றி, மிக்சியில் சில நொடிகள் மட்டும் அடித்து, துணியில் வடித்து, அதே பழங்களின் சாற்றைச் சேர்க்க வேண்டும். அமிலம் ஏறக்குறைய 6 சதவீதம் வரும், எலுமிச்சைச் சாறும் அதே அளவுதான். ஃப்ரிட்ஜில் ஒரு வாரம் இருக்கும். கசந்தால் தோலோடு வெள்ளைப் பகுதி போயிருக்கிறது, அல்லது மிக்சி அதிக நேரம் ஓடியிருக்கிறது. மாலிக் இல்லாமல் சிட்ரிக் மட்டும் போட்டால் புளிப்பு சட்டென்று ஏறி சட்டென்று மறையும். எலுமிச்சையே உயிரான எளிய பானங்களுக்கு மட்டும் புதுச்சாறு வைத்துக்கொண்டோம். சிட்ரிக் அமிலமும் பூஞ்சையைக் கொண்டு ஆலையில் புளிக்கவைத்து எடுப்பதுதான், அதற்கும் ஆற்றல் செலவு உண்டு. ஆகவே இதைக் குற்றமற்ற தீர்வு என்று விளம்பரம் செய்வதில் எனக்கு உடன்பாடில்லை.

வரைபடத்தில் எப்போதும் விடுபட்டுப்போவது காலி பாட்டில்களுக்கான இடம். வெறும் 750 மில்லி பாட்டில் பெரும்பாலும் அரைக் கிலோ அளவு இருக்கும்; நூறு பாட்டில் சுமார் 50 கிலோ. படிக்கட்டு இல்லாத வழியில் சக்கரத் தொட்டி போய்வர இடம் விட வேண்டும். வெப்பம் தாங்கும் கண்ணாடியும் பீங்கானும் பாட்டில் கண்ணாடியோடு கலந்தால் உருக்கும்போது அந்த லோடே கெட்டுவிடும், அதனால் உடைந்த கிளாஸுக்குத் தனித் தொட்டி. மக்கும் பிளாஸ்டிக் என்று விற்கும் பி.எல்.ஏ கப், 58 டிகிரி போலச் சூடேறும் தொழிற்சாலை உரக்கூடத்தில்தான் ஒழுங்காக மக்கும். அப்படிப்பட்ட கூடம் அந்த ஊரில் குப்பையை எடுத்துக்கொள்ளுமா என்று கேட்டுவிட்டே வாங்க வேண்டும். இல்லையென்றால் கழுவிப் பயன்படுத்தும் கிளாஸே போதும்.

மதுவைப் பெரிய கலனில் வாங்கி அதே பிராண்டு பாட்டிலில் நிரப்பிக்கொள்வது பல நாடுகளில் உரிமச் சட்டப்படி குற்றம். குழாயில் நேரடியாக இணைத்து ஊற்றும் பெரிய மதுக் கலனுக்கு அனுமதி உண்டா என்று உரிம அதிகாரியிடம் எழுத்தில் கேட்ட பிறகே பின்சுவர் அலமாரியின் அளவை முடிவு செய்ய வேண்டும்.