பிடியரிசி

2016-இல், லெந்து என்னும் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் பிப்ரவரி 10-ஆம் தேதி வந்தது. ஆராதனை முடிந்து நேராக ஸ்டோர் ரூமுக்குப் போய் இருப்புப் பதிவேட்டைப் பார்த்தால், அரிசி பதினொரு நாளைக்குத்தான் இருந்தது. திருநெல்வேலிப் பக்கம் ஒரு சபை நடத்தும் விடுதி அது. 86 பிள்ளைகள். நான் ஸ்டோர் கீப்பர். வரவேண்டிய பணம் மூன்று மாதமாக வரவில்லை. பழைய பாக்கியைத் தீர்த்தால்தான் புதுச் சரக்கு என்று கடைக்காரர் சொல்லிவிட்டார்.

அந்தப் பதினொரு நாள் கணக்கில் ஒரு பொய் இருந்தது. கோதுமை மூட்டைகளுக்குப் பின்னால் இரண்டு சிப்பம் அரிசியை, மொத்தம் 50 கிலோ, டிசம்பரிலேயே ஒதுக்கி வைத்திருந்தேன். புத்தகத்தில் காட்டவில்லை. திருட்டில்லை, ஒரு அரிசி மணிகூட என் வீட்டுக்குப் போகவில்லை. முன்யோசனை என்று நானே அதற்குப் பெயர் வைத்துக்கொண்டேன். அதோடு நிற்காமல், படியைத் தலைதட்டி அளக்கவும் ஆரம்பித்தேன். அதுவரை சமையல் அக்கா கும்பாரமாகத்தான் அளப்பார். இரண்டாம் முறை தட்டை நீட்டிய ஆறாம் வகுப்புப் பையனுக்கு வெறும் ரசம்தான் கிடைத்தது. நானோ லெந்து கூட்டங்களில் முன்வரிசையில் உட்கார்ந்து, இன்றைக்கு வேண்டிய ஆகாரத்தைத் தாரும் என்று ஜெபித்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் பக்கத்துச் சபைகளில் பிடியரிசி பழைய வழக்கம். உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடியைத் தனியாகப் போட்டு வைத்துக் கோவிலுக்குக் கொண்டுவருவார்கள். வழக்கமாக அதை ஏலம் விட்டுக் காசாக்கிவிடுவார்கள். அந்த லெந்தில் பக்கத்து ஊர் சபையார் ஏலம் விடாமல் அப்படியே எங்களுக்கு அனுப்பினார்கள். லோடு ஆட்டோவில் நான்கு மூட்டை.

பிரித்தால் சிரிப்புதான் வந்தது. பொன்னி, ரேஷன் புழுங்கல், பச்சரிசி, குருணை, நடுவே கொஞ்சம் உளுந்து. ஒன்று குழைந்தால் இன்னொன்று வேகாது.

"இதை எப்படிக்கா வடிக்கிறது?"

"வடிக்க வேண்டாம் தம்பி. கஞ்சி காய்ச்சுவோம். லெந்துதானே!"

கஞ்சிக்குத் துவையல் அரைத்தார். மீதியை ஊறப்போட்டு இட்லிக்கு ஆட்டினார். அடுத்த வாரம் வேறோர் ஊரிலிருந்து வந்தது. அப்புறம் இன்னோர் ஊர். எப்போது கணக்குப் பார்த்தாலும் நாலைந்து நாளைக்குத்தான் இருந்தது, அதற்கு மேல் சேரவே இல்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. சுத்தமாக இல்லை என்றால்கூட கணக்கெழுதுகிறவன் தாங்கிக்கொள்வான். நாளைக்கு மட்டும் உண்டு என்றால் தூக்கம் வராது.

மார்ச் நடுவில் அக்கா கோதுமை மூட்டையை நகர்த்தும்போது சிப்பங்களைக் கண்டுபிடித்துவிட்டார். பிரித்ததும் அரிசி நூலாம்படையோடு கட்டி கட்டியாக வந்தது. கறுப்பு வண்டு முழங்கை வரை ஏறியது.

"மன்னாவுல பூச்சி பிடிச்ச கதையால்ல இருக்கு" என்றார். யார் வைத்தது என்று கேட்கவே இல்லை.

பைபிளில் யாத்திராகமம் 16-ஐ அன்று ராத்திரி எடுத்து வாசித்தேன். வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்குக் கடவுள் தினமும் தந்த ஆகாரம்தான் மன்னா; மறுநாளைக்கென்று மீத்து வைத்தவர்களுக்கு அது பூச்சி பிடித்துப்போனது. அதே அதிகாரத்தில், ஆறாம் நாள் இரட்டிப்பாகச் சேர்த்தது மறுநாள் கெடவில்லை என்றும் இருக்கிறது. அது சொல்லிச் சேர்த்தது, என்னுடையது ஒளித்துச் சேர்த்தது. சேர்த்து வைப்பதே தப்பு என்று இன்றைக்கும் நான் சொல்ல மாட்டேன். ஸ்டோர் கீப்பர் வேலையே அதுதான். ஆனால் பிள்ளைகளின் படியைத் தலைதட்டிக்கொண்டே வண்டுக்கு 50 கிலோ வைத்திருந்தேனே, அதற்கு என்னிடம் பதில் இல்லை.

மொட்டைமாடியில் தார்ப்பாய் விரித்துக் காயவைத்து, முறத்தில் புடைத்தோம். 41 கிலோ தேறியது. மிச்சம் கோழிக்குப் போனது. நடந்ததைப் பதிவேட்டில் சிவப்பு மையில் எழுதி வார்டன் ஐயாவிடம் கொண்டுபோனேன். வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன். தேதியைப் பார்த்தார், கிலோவைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார். புத்தகத்தை என் பக்கம் தள்ளினார்.

"நாளையிலிருந்து படியைத் தலைதட்ட வேண்டாம் தம்பி" என்றார்.