லேத் பெட் தேய்மானத்தில் எதை அளக்க வேண்டும்?

பழைய லேத்தை (கடைசல் இயந்திரத்தை) விலைக்குப் பார்க்க வருகிறவர்கள், அதன் அடித்தளமான பெட்டில் முன்பக்க வி-யின் (V வடிவ வழியின், அதாவது தடத்தின்) மேல் விரல் நகத்தை ஓட்டுவார்கள். கடையும் பொருளைப் பிடிக்கும் சக்கை (chuck) ஒட்டிய இடத்தில் நகம் ஒரு விளிம்பில் தட்டினால் "பெட் போச்சு" என்று தீர்ப்பு. இன்னொரு சோதனை, டூலைத் தாங்கி பெட் மேல் ஓடும் சேடிலின் கிப்பை (இடைவெளியைச் சரிசெய்யும் பட்டையை) சக்கருகே சரியாக இறுக்கிவிட்டு, மறுமுனையில் உள்ள டெயில்ஸ்டாக் பக்கம் நகர்த்துவது. அங்கே இறுகிப் பிடித்தால் தேய்மானம் உண்டு. இரண்டுமே தேய்மானம் இருப்பதைச் சொல்லும். அது ஜாபை, அதாவது கடையும் பொருளை, என்ன செய்யும் என்பதைச் சொல்லாது.

பெட்டிலிருந்து சுழலும் அச்சு வரை 170 மி.மீ. மைய உயரமுள்ள, எச்.எம்.டி. நிறுவனத்தின் எல்பி 17 போன்ற லேத்தை எடுத்துக்கொள்வோம். சேடில் மொத்தமாக 0.1 மி.மீ. நேராக இறங்கினால், 40 மி.மீ. ஜாபின் விட்டம் அரை மைக்ரான்தான் கூடும். பொருட்படுத்த வேண்டாம். ஆனால் முன் வி மட்டும் அதே 0.1 இறங்கினால் சேடில் முன்னோக்கிச் சாயும். முன் வி-க்கும் பின் வழிக்கும் 250 மி.மீ. இடைவெளி என்று வைத்தால், டூல் 0.068 மி.மீ. பின்வாங்கும், விட்டத்தில் 0.136. முதலில் தேய்வதும் முன் வி-தான். ஆக, அளக்க வேண்டியது இறக்கத்தை அல்ல, சாய்வை.

அதற்கு டயல் கேஜைவிட 0.02 மி.மீ./மீ. (ஒரு கோட்டுக்கு மீட்டருக்கு 0.02 மி.மீ. சாய்வு) ஸ்பிரிட் லெவல் நேர்மையானது. டயலைச் சேடிலில் வைத்து டெயில்ஸ்டாக் வழியைத் தொட்டுப் பார்ப்பவர்கள் உண்டு. சேடிலின் அடிப்பாகமும் வில்போல் தேய்ந்திருப்பதால், தேயாத பகுதிக்குப் போனதும் அது வேறு விதமாக உட்காரும், ரீடிங் ஏமாற்றும். முதலில் பெட்டின் இரு முனைகளிலும், தேயாத டெயில்ஸ்டாக் வழிகளின் மேல், லெவலைக் குறுக்கே வைத்து பெட்டின் முறுக்கை நீக்க வேண்டும். இரு முனையிலும் குமிழ் ஒரே அளவு காட்டினால் போதும், பூஜ்யத்தில் நிற்க வேண்டியதில்லை. கால் போல்ட்டை இறுக்கி ஓர் இரவு விட்டு மறுபடி பார்ப்பது நல்லது.

பிறகு லெவலைக் கிராஸ் ஸ்லைடின் (சேடில் மேல் குறுக்கே நகரும் பகுதியின்) மேல் குறுக்குவாக்கில் வைத்து, கையால் 100 மி.மீ. வீதம் சேடிலை நகர்த்தி, குமிழ் அடங்கிய பிறகு குறிக்க வேண்டும். இந்த லேத்தில் ஒரு கோடு நகர்ந்தால் விட்டத்தில் சுமார் 0.007 மி.மீ.

கடைசியாகக் கட்டிங் சோதனை. 50 மி.மீ. கம்பி, சக்கிலிருந்து 250 வரை நீட்டி, டெயில்ஸ்டாக் இல்லாமல். வழக்கமாக இரண்டு காலர் (உயர்ந்த வளையம்) விடுவார்கள், மூன்று விடுங்கள். கூரான எச்எஸ்எஸ் (ஹைஸ்பீடு ஸ்டீல்) டூல், 0.1 ஆழம், மெதுவான ஃபீட், கிராஸ் ஸ்லைடைத் தொடாமல் மூன்றையும் கடைந்து மைக்ரோமீட்டரில் பார்க்க வேண்டும். மூன்றும் ஒரே சீராக டேப்பராக (வரிசையாகப் பருத்தோ மெலிந்தோ) இருந்தால் குறை ஹெட்ஸ்டாக்கில் (சக்கைச் சுழற்றும் பகுதியில்) அல்லது முறுக்கில். தனியே நிற்கும் முனை பருத்திருந்தால் டெயில்ஸ்டாக் பக்க முன்காலைச் சற்று உயர்த்திப் பார்க்கலாம். நடுக் காலர் மட்டும் வரிசையில் இல்லையென்றால் அது தேய்மானம். எந்தக் காலைத் திருகினாலும் போகாது. அதை மறைக்க ஹெட்ஸ்டாக்கைத் திருப்புகிறவர்களும் இருக்கிறார்கள். அந்த 250 மி.மீ.க்குள் ஜாப் சரியாக வரும், நீளமான ஜாபில் மாட்டிக்கொள்வார்கள்.

குட்டை புஷ் (குழாய்போன்ற சிறு உருளை) மட்டும் கடைபவருக்கு இவ்வளவும் தேவையில்லை. பெட் கிரைண்டிங் போடுவதானால் சேடில் இறங்கும், அதன் முன்பக்கம் தொங்கும் ஏப்ரனும் லீட் ஸ்க்ரூவின் (சேடிலை நகர்த்தும் நீளத் திருகின்) நேரிலிருந்து விலகும். சேடிலின் அடியில் டர்சைட் (உராய்வு குறைந்த பிளாஸ்டிக் பட்டை) ஒட்டி உயரத்தை மீட்க வேண்டும். விலை பேசும்போது அந்தச் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.