எத்தனை அடி?

2024 ஜூலை 12, வெள்ளி

மேட்டூர் அணை 40 அடியை ஒட்டி நிற்கிறது. குறுவைப் பயிருக்கு அணை திறக்கிற ஜூன் 12 வந்தது, போனது, மதகு திறக்கவில்லை. பம்ப்செட் வைத்திருப்பவர்கள் குறுவை நட்டுவிட்டார்கள். எங்கள் ஊரில் போர் போட்டால் உப்புத் தண்ணீர்தான் வரும், ஆறு வந்தால்தான் உண்டு.

நேற்று காவிரி நீர் ஒழுங்காற்றுக் குழு சொல்லியிருக்கிறது, 31ஆம் தேதி வரை கர்நாடகம் நாளுக்கு 1 டி.எம்.சி. விட வேண்டும் என்று. டயாலிசிஸுக்காக என் வீட்டில் தங்கியிருக்கிற அண்ணன் கண் விழித்ததும் அதைத்தான் கேட்டார். "ஒரு டி.எம்.சின்னா எவ்வளவுடா தம்பி?" வினாடிக்கு 11,574 கனஅடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினால் நூறு கோடி கனஅடி, அதுதான் ஒரு டி.எம்.சி. அண்ணே என்றேன். "விடுவாங்களா?"

அண்ணன் எடை 58.4. இன்று டயாலிசிஸ் முடிந்து இறங்கியபோது 56.1.

ஜூலை 14, ஞாயிறு

8,000 கனஅடிதானாம். பெங்களூரில் கூடி முடிவெடுத்துவிட்டார்கள்.

உச்ச நீதிமன்றம் 2018இல் தமிழ்நாட்டுக்கு வருஷத்துக்கு 177.25 டி.எம்.சி. என்று தீர்ப்புச் சொன்னபோது மாதவாரிக் கணக்கும் இருந்தது. ஜூனுக்கு 9.19, ஜூலைக்கு 31.24. இந்த இரண்டு எண்ணும் எனக்குத் தூக்கத்திலும் வரும். ஜூனில் வரவேண்டியது ஜூனில் வந்தால்தான் குறுவை. ஆகஸ்டில் சேர்த்துக் கொடுத்துக் கணக்கை நேர் பண்ணலாம், பயிரை நேர் பண்ண முடியாது. இதை எத்தனை கூட்டத்தில் எத்தனை பேர் சொல்லியாயிற்று.

ஜூலை 16, செவ்வாய்

டயாலிசிஸ் நாள். நான்கு மணி நேரம். காத்திருக்கும் கூடத்து டிவியில் சென்னை அனைத்துக் கட்சிக் கூட்டம், அடுத்து மின்கட்டண உயர்வு. உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் மின்கட்டணத்துக்குத்தான் நிமிர்ந்து பார்த்தார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். வாரத்துக்கு இரண்டு தடவை வண்டி வைத்து வந்து போகிறவர்கள் அவர்கள்.

டாக்டர் அண்ணனுக்கு ஒரு நாளைக்கு 800 மில்லி என்று வரம்பு வைத்திருக்கிறார். காபி, ரசம், மாத்திரைக்குக் குடிக்கிற தண்ணீர் எல்லாம் அதற்குள். அண்ணி காலையிலேயே ஒரு பாட்டிலில் அளந்து வைத்துவிடுகிறார். காபி குடித்தால் அந்த அளவு தண்ணீரைப் பாட்டிலிலிருந்து எடுத்துவிட வேண்டும், அப்போதுதான் மிச்சம் எவ்வளவு என்று தெரியும். அப்படி எடுத்ததை அண்ணி கொல்லையில் துளசிக்கு ஊற்றுகிறார். சாயங்காலம் ஆறு மணிக்கெல்லாம் பாட்டில் அடிமட்டத்துக்கு வந்துவிடுகிறது. அதற்குமேல் அண்ணன் உதட்டை நனைத்துக்கொள்வதோடு சரி. எழுபத்திரண்டு வயது, நடவு வயலில் நாள் முழுக்க நின்ற மனிதர். கேட்கவும் மாட்டார். கேட்டால் நான் கொடுத்துவிடுவேன் என்று அவருக்குத் தெரியும்.

ஜூலை 17

ஆடி பிறந்தது. மேட்டூருக்கு வந்து சேருகிற கபினி ஆற்றுப் பக்கம் நல்ல மழை என்கிறார்கள்.

ஜூலை 19, வெள்ளி

50 அடியைத் தாண்டியாயிற்று. அண்ணன் இரண்டாவது தடவையும் சொல்லச் சொன்னார்.

பெரியவள் போன் செய்தாள். உலகம் முழுக்கக் கம்ப்யூட்டர்கள் நின்றுபோய், சில விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்களாம். மதகு, ஷட்டர் பார்க்கிற சர்வீஸில் நான் படித்த கேஜ் புத்தகம், ஆற்று மட்டம் குறிக்கிறது, கையால் எழுதியதுதான். காலை 6 மணி, மாலை 6 மணி, புயலடித்தாலும் ஒரு வரி விட்டுப் போகாது. எல்லாம் நின்றாலும் எழுதத் தெரிந்த ஒருவன் எங்கும் இருக்க வேண்டும். இதில் எனக்கு விட்டுக்கொடுக்கிற எண்ணமே இல்லை.

பெங்களூரில் அவள் குடியிருப்பில் மார்ச் மாதம் லாரித் தண்ணீருக்கு டோக்கன் போட்டார்கள். இப்போது நிற்காத மழை. "உங்களுக்குத்தான்பா வருது" என்கிறாள். பெண்ணை அங்கே கட்டிக் கொடுத்தபிறகு என்னால் அந்த ஊரைத் திட்ட முடிவதில்லை. அவர்களுக்கும் தாகம்தான்.

ஜூலை 22

75 அடி. ஒரே நாளில் ஏறுகிற ஏற்றத்தைப் பார்த்தால் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. இரவு இரண்டு மணிக்கு எழுந்து போனில் பார்த்தேன். என் மனைவி இவள் திட்டினாள்.

ஜூலை 23, செவ்வாய்

பட்ஜெட். ஓய்வூதியக்காரருக்கு நிலையான கழிவு 50,000 என்றிருந்தது 75,000, புதிய முறையில் மட்டும். பீகார் வெள்ளத் தடுப்புக்கு 11,500 கோடி. பீகாருக்குக் கொடுக்கட்டும், கோசி ஆறு பொல்லாதது. ஆனால் நம் கொள்ளிடத்தில் கடலுக்குப் போவதை மறிக்க நாலு கதவணை கேட்டு நம்மவர்கள் எத்தனை வருஷமாக மனுப் போடுகிறார்கள்.

எடை 59. இரண்டரை கிலோவுக்கு மேல் ஏறக் கூடாது என்றார் நர்ஸ். கால் வீங்கியிருக்கிறது.

ஜூலை 25, வியாழன்

இன்று வீட்டில் சண்டை. அண்ணன் ஊருக்குப் போகவேண்டும் என்கிறார். "தண்ணி வருதுடா. விதை கோட்டை கட்டி வச்சது அப்படியே இருக்கு. யாரு விதைப்பா?" ஆறு மா நிலம். மகன் திருப்பூரில். அண்ணி வாயைத் திறக்கவில்லை.

ஊரில் இருந்துகொண்டு டயாலிசிஸ் என்றால் திருவாரூர்தான். அங்கே இடம் கிடைக்க வேண்டும். பெயர் கொடுத்திருக்கிறோம், கூப்பிடவில்லை. இடம் கிடைக்காமல் போய் ஒரு முறை தவறினால் என்ன ஆகும் என்று மே மாதம் பார்த்தவன் நான். மூச்சு வாங்கி, சாய்ந்து உட்காரவும் முடியாமல், அந்த இரவு. அதனால் மாட்டேன் என்றேன். அவர் சாப்பிடாமல் திண்ணையில் போய் உட்கார்ந்துவிட்டார்.

கொஞ்ச நேரம் கழித்து நானும் போய் உட்கார்ந்தேன். "கபினி நிரம்பிட்டுது, கே.ஆர்.எஸ். அணையும் நிரம்பிட்டுது அண்ணே. இனி அவங்க நினைச்சாலும் பிடிச்சு வைக்க முடியாது" என்றேன். "அப்ப மேட்டூரு?" என்றார். பேசினார், அது போதும்.

ஜூலை 27

100 அடி!

ஜூலை 28, ஞாயிறு

திறந்துவிட்டார்கள். டிவியில் பூத் தூவுவதைப் பார்த்துக் கை தட்டியது அண்ணன். பாரிஸில் துப்பாக்கி சுடுவதில் மனு பாக்கர் வெண்கலம் வாங்கியதும் இன்றுதான். இவள் பாயசம் வைத்தாள், அண்ணனுக்கு இரண்டு ஸ்பூன். துளசிக்கும் அந்த அளவு போயிருக்கும்.

ஜூலை 30, செவ்வாய்

காலையில் மருத்துவமனைக்குப் புறப்படும்போதே செய்தி வந்துவிட்டது. வயநாட்டில் மலை சரிந்து முண்டக்கை, சூரல்மலை என்று ஊர் ஊராக மண்ணுக்குள். விடிவதற்கு முன்னால், தூங்கிக்கொண்டிருந்தவர்கள். தேயிலைத் தோட்டத்துக்கு நம் பக்கத்திலிருந்து போனவர்களும் அங்கே உண்டு. மதியத்துக்குள் எண்ணிக்கை நூறை நெருங்கிவிட்டது. கூடத்தில் இருந்த ஒரு அம்மா, டிவியை நிறுத்துங்கய்யா என்று அழுதார். நிறுத்தினார்கள்.

மாலை ஆறு மணிக்கு மேட்டூர் நிரம்பிவிட்டது. 120 அடி, 93.47 டி.எம்.சி. 43ஆவது முறை.

இந்த ஒரு வரிக்காக எத்தனை நாள் காத்திருந்தோம். இன்று எழுதக் கை வரவில்லை. சூரல்மலைத் தண்ணீர் மேற்கே இறங்கிச் சாலியாறாகப் போகிறது, அதில்தான் உடல்கள் மிதந்து நிலம்பூர் வரைக்கும் போயிருக்கின்றன. அதே வயநாட்டின் கிழக்குச் சரிவில் விழுவது கபினி. கபினி வந்து சேருவது மேட்டூருக்கு. ஒரே மழை. எங்கள் அணையை நிரப்பிய அதே மேகம். இதில் நமக்குப் பொறுப்பு ஒன்றும் இல்லை என்று இவள் சொல்கிறாள். பொறுப்பு இல்லைதான். ஆனாலும் சந்தோஷப்பட முடியவில்லை.

அண்ணன் இன்று "எத்தனை அடி" என்று கேட்கவில்லை. இரவு, படுத்த பிறகு, "கஜா புயலுல நம்ம தென்னை எல்லாம் போச்சு பாரு, அது வெறும் மரம்டா" என்றார். வேறு பேசவில்லை.

ஜூலை 31

கல்லணையும் திறந்தாயிற்று. காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம். எங்களுக்கு வெண்ணாறு.

ஆகஸ்ட் 1, வியாழன்

மேட்டூரிலிருந்து ஒன்றரை லட்சம் கனஅடிக்கு மேல் வருகிறது. காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிற முக்கொம்பில் பெரும்பகுதியைக் கொள்ளிடத்தில் திருப்பிவிட்டார்கள். திருப்பாமல் என்ன செய்வது, காவிரி தாங்காது.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒன்றரை லட்சம் என்றால் ஒரு நாளைக்கு 13 டி.எம்.சி. அதாவது ஜூன் மாதத்துக்கு நீதிமன்றம் வகுத்த 9.19 டி.எம்.சி. முழுவதும் பதினேழு மணி நேரத்தில் நம்மைக் கடந்து போகிறது. ஜூன் முழுக்க எதற்காகக் கையேந்தினோமோ அது ஒரு பகலும் கொஞ்சம் இரவும். ஆடுதுறையிலும் மன்னார்குடியிலும் குறுவை நிலம் பிளந்து கிடந்தது இதற்காகத்தான். இப்போது அது வங்காள விரிகுடாவுக்கு.

கொள்ளிடக் கரையில் நின்று பார்த்தேன். செம்மண் நிறம், மரம் மரமாக அடித்து வருகிறது. 2018 ஆகஸ்ட் 22 இரவு முக்கொம்பு மேலணையில் ஒன்பது ஷட்டர்கள் அடித்துக்கொண்டு போனபோது நான் ஓய்வு பெற்றிருந்தேன். ஆனாலும் விடிவதற்குள் போய் நின்றேன். 1836இல் காட்டன் கட்ட ஆரம்பித்தது. அந்த ஷட்டர்களில் எத்தனை வருஷம் கிரீஸ் வைத்திருப்பேன். அன்று என்னோடு நின்ற லஸ்கர்கள், மதகு பார்க்கிற ஆட்கள், பேச்சற்றுப் போனார்கள். இப்போது அங்கே புதுக் கதவணை. நன்றாக நிற்கிறது. நிற்க வேண்டும்.

வயநாட்டில் ராணுவம் பெய்லி பாலம் போட்டு முடித்துவிட்டது, 190 அடி. அதைக் கட்டியவர்களை நேரில் பார்த்தால் கை கூப்புவேன்.

ஆகஸ்ட் 2

கொள்ளிடத்தில் மின்கோபுரம் ஒன்று சாய்ந்துவிட்டது. எடை 58.2.

ஆகஸ்ட் 3, சனி, ஆடிப்பெருக்கு

ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்துக்கு ஆட்டோவில் கூட்டிப் போனேன். படித்துறையில் இறங்க விடவில்லை, தடுப்புக் கட்டி போலீஸ். சரிதான், இந்த வேகத்தில் யாரும் இறங்கக் கூடாது. இவளும் அண்ணியும் கரையிலேயே காப்பரிசி வைத்துப் படைத்து மஞ்சள் கயிறு மாற்றிக்கொண்டார்கள். அண்ணன் தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். தீயணைப்புத் துறைத் தம்பி ஒருவர் என்ன நினைத்தாரோ, வாளியில் கொண்டுவந்து, "பெரியவரே, தலையில தெளிச்சுக்குங்க" என்றார். அண்ணன் இரண்டு கையும் விட்டு அளைந்தார். டயாலிசிஸ் ஊசிக்காக ஃபிஸ்டுலா போட்ட கை நனையலாமா என்று அண்ணி பதறினார். நனையட்டும் விடுங்கள் என்றேன்.

போன வருஷம் இதே இடத்தில் கூட்டமும் மேளமும். இந்த வருஷம் ஆறு இரு கரை தொட்டு ஓடுகிறது, ஜனம் தள்ளி நிற்கிறது.

ஆகஸ்ட் 5, திங்கள்

திருவாரூரிலிருந்து கூப்பிட்டார்கள். இடம் இருக்கிறது. செவ்வாய், வெள்ளி, காலை முறை. இனி என்ன சொல்லி நிறுத்துவது.

டாக்காவில் பிரதமரே நாட்டைவிட்டுப் போய்விட்டார் என்று டிவி அலறுகிறது. அண்ணன் பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறார்.

ஆகஸ்ட் 7, புதன்

காலையில் போனார்கள். வீடு என்னவோ போலிருக்கிறது. நேற்று இறங்கு எடை 56.

வினேஷ் போகத்தை 100 கிராம் கூடுதல் என்று இறுதிப் போட்டியிலிருந்து நீக்கிவிட்டார்கள். ராத்திரி முழுக்க ஓடி, முடியை வெட்டி, ஆகாரமில்லாமல் இருந்தும். ஊர் போய்ச் சேர்ந்ததும் அண்ணன் போனில் முதலில் சொன்னது இதைத்தான். "நூறு கிராம்டா. அந்தப் பொண்ணுக்கு எப்படி இருந்திருக்கும்." எடை மெஷின் முன்னால் நிற்பது எப்படிப்பட்டது என்று அவருக்குத் தெரியும்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

திருவாரூரில் முதல் முறை நல்லபடியாக முடிந்தது. நர்ஸ் பெண் பொறுமைசாலி என்று அண்ணி சொன்னார். இன்று நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

தண்ணீர்? "இன்னும் இல்லடா."

ஆகஸ்ட் 11, ஞாயிறு

இன்னும் இல்லை. கல்லணை திறந்தது போன புதன்கிழமைக்கு முந்தின புதன். தென்பெரம்பூரில் ஒரு பிரிப்பு, அப்புறம் நீடாமங்கலம் மூணாறு தலைப்பில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று மூன்றாகப் பிரிய வேண்டும். கோரையாற்றில் வந்துவிட்டது என்கிறார்கள், அண்ணனின் வாய்க்காலில் ஏறவில்லை. சி.ஆர்.1009 நூற்றைம்பது நாளுக்கு மேல் போகும் நெல். இந்த மாதம் விதைக்காவிட்டால் பூக்கிற நேரம் பனியில் மாட்டிக்கொள்ளும். அண்ணன் தலைப்பு மதகுவரை நடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தாராம். நடந்து! வெங்காயத்தாமரை அடைத்துக்கொண்டு கிடக்கிறது, ஷட்டர் பாதியில் நிற்கிறது என்றார்.

அந்த செக்‌ஷனில் இருக்கும் பழைய ஆளுக்குப் போன் போட்டேன். முறை வைத்துத்தான் சார் விடுகிறோம், ஆள் பற்றாக்குறை, இரண்டு பேர் நாலு பேர் வேலையைப் பார்க்கிறோம் என்றார். பொய் சொல்கிறவர் இல்லை. ஆனால் கொள்ளிடத்தில் அத்தனை டி.எம்.சி. கடலுக்குப் போனபிறகு, கடைசி வாய்க்காலுக்கு முறை வைக்கிறோம் என்றால் நான் என்ன பதில் சொல்வது, அண்ணனுக்கு என்ன சொல்வது? கொத்திவிட இரண்டு பேர், ஒரு பரிசல் கம்பு, ஷட்டர் கைப்பிடிக்கு ஒரு டப்பா கிரீஸ். அரை நாள் வேலை. நான் செய்ததுதானே.

அனுமதி கேட்டேன். "நீங்க வந்து பக்கத்துல நின்னா போதும் சார், நான் ஆளைக் கூட்டி வர்றேன்" என்றார்.

இவள் முதலில் கத்தினாள், அப்புறம் ரப்பர் செருப்பை எடுத்து வைத்தாள். தஞ்சாவூருக்கு முதல் பஸ் 4.40க்கு. அங்கிருந்து மன்னார்குடி மாறிப் போகவேண்டும். அண்ணனிடம் சொல்லவில்லை, சொன்னால் அவரும் மதகுக்கு வந்து நிற்பார்.