ரிப்பன் பிரபுவைக் கல்கத்தாவிலிருந்து படிக்கத் தொடங்காதீர்கள்

குரூப் 1 முதன்மைத் தேர்வுக்கு நவீன இந்திய வரலாறு படிப்பவர்கள் பலர், பிரிட்டிஷ் இந்தியாவின் வைஸ்ராயாக இருந்த ரிப்பன் பிரபுவை நான்கைந்து ஆண்டுகளை மனப்பாடம் செய்வதோடு முடித்துவிடுகிறார்கள். முதல்நிலைத் தேர்வுக்கு அது போதும். விரிவான விடைக்கு அவர் எப்படிப்பட்ட மனிதர் என்பது தெரிய வேண்டும். நான் அவரது பிறப்பிலிருந்தே படித்தேன். பெரும் பயன் கிடைத்தது.

1827-இல் லண்டனில் டவுனிங் தெரு 10-ஆம் எண் வீட்டில் பிறந்தவர் அவர். அப்போது தந்தை கோட்ரிச் பிரபுதான் பிரதமர். இவ்வளவு உயர்ந்த குடும்பத்துப் பிள்ளை இளமையில் கிறிஸ்தவ சோஷலிஸ்டுகளோடு சேர்ந்து மக்களாட்சியை ஆதரித்தார். பின்னர் போர்த்துறை அமைச்சரானார். 1866-இல் சில மாதங்கள் இந்தியத் துறையையும் பார்த்தார். 1874-இல் கத்தோலிக்கராக மாறியபோது இங்கிலாந்தில் அதிர்ச்சி எழுந்தது. அப்படிப்பட்டவரைத்தான் லிபரல் கட்சிப் பிரதமர் கிளாட்ஸ்டன் 1880-இல் வைஸ்ராயாக அனுப்பினார்.

நோட்டில் ஒரு பக்கம் லண்டன், எதிர்ப்பக்கம் இந்தியா என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கன்சர்வேடிவ் பிரதமர் டிஸ்ரேலி அனுப்பிய முந்தைய வைஸ்ராய் லிட்டன், இந்திய மொழிப் பத்திரிகைகளை ஒடுக்க 1878-இல் கொண்டுவந்த வட்டார மொழிப் பத்திரிகைச் சட்டம், லிபரல் கட்சி ஆட்சிக்கு வந்தபின் 1882-இல் நீங்கியதன் காரணம் அங்கேயே தெரிந்துவிடும். அதே ஆண்டு மே மாதம் வந்த உள்ளாட்சித் தீர்மானத்தில், உள்ளாட்சி மக்களுக்கு அரசியல் கல்வி தரும் என்பதையே ரிப்பன் முதன்மையாகச் சொன்னார். மக்களாட்சி மீது அவருக்கிருந்த இளமைக்கால நம்பிக்கையை இதோடு சேர்த்து எழுதினால் விடைக்கு ஆழம் வரும்.

அதிக நேரம் தர வேண்டியது இல்பர்ட் மசோதாவுக்கு. மாகாணத் தலைநகரங்களுக்கு வெளியே, குற்ற வழக்கில் ஐரோப்பியரை விசாரிக்க இந்திய நீதிபதிகளுக்கு அப்போது அதிகாரம் இருக்கவில்லை. 1883-இல் இந்த மசோதா அந்தப் பாகுபாட்டை நீக்க முயன்றதும் தேயிலைத் தோட்ட முதலாளிகள் முதல் கல்கத்தா வணிகர்கள் வரை கொதித்தெழுந்தார்கள். 1884-இல் ரிப்பன் இறங்கிவந்தார்: வழக்கை எதிர்கொள்ளும் ஐரோப்பியர், பாதிப் பேராவது ஐரோப்பியராகவோ அமெரிக்கராகவோ உள்ள ஜூரியை (தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் குழுவை) கேட்கலாம் என்று சட்டம் வந்தது. ஒன்றுதிரண்டு போராடினால் அரசே பணியும் என்பதை இந்தியர்கள் கண்ணால் கண்டார்கள். மறு ஆண்டே காங்கிரஸ் பிறந்தது. இந்தத் தொடர்பை எழுதாத விடை எனக்கு முழுமையாகத் தோன்றாது.

'மதிப்பிடுக' என்று கேட்டால் புகழுரையோடு நிறுத்தாதீர்கள். ரிப்பன் காலத்தில் வந்த 1881 தொழிற்சாலைச் சட்டம் ஏழு வயதுக்குட்பட்ட குழந்தைகளை வேலைக்கு வைப்பதைத் தடுத்தது. நூறு பேருக்குக் குறைவாக வேலை செய்த ஆலைகளை அது தொடவில்லை, வயது வந்தோரின் வேலை நேரத்துக்கும் வரம்பு வைக்கவில்லை. இந்தக் குறைகளையும் சேர்த்து எழுதுங்கள்.