இன்புளுவென்சா தடுப்பூசி குறித்து ஆய்வு செய்யப்போகும் தாதியியல் மாணவர்களுக்கு

திருகோணமலையில் தாதியியல் பயின்றபோது, தாதியியல், சுகாதார விஞ்ஞான மாணவர்கள் இன்புளுவென்சா தடுப்பூசியை எந்தளவுக்கு ஏற்றிக்கொள்கின்றனர் என்பதையே இறுதியாண்டு ஆய்வுக்கு எடுத்துக்கொண்டேன். கார்த்திகை மழையில் தடிமனும் இருமலும் பரவும் நாட்களிலும் பயிற்சிக்கு வராமல் இருக்க முடியாதென்று, இருமியபடியே முதியவர்களின் கட்டிலருகே நாம் நின்றது என் மனதை உறுத்திக்கொண்டே இருந்தது.

இந்த ஆய்வில் என்னை அதிகம் தடுமாற வைத்தது வினாக்கொத்தின் முதற் கேள்விதான். “காய்ச்சல் தடுப்பூசி ஏற்றியுள்ளீர்களா?” என்று எழுதியிருந்தேன். வினாக்கொத்தைச் சிலரிடம் மட்டும் முன்கூட்டியே கொடுத்துப் பார்க்கும் முன்னோடி ஆய்வில், சிலர் கொவிட் தடுப்பூசியை நினைத்து ‘ஆம்’ என்றனர். ஒருவர் காய்ச்சலுக்கு வைத்தியசாலையில் போட்ட ஊசியையே குறிப்பிட்டார். நம் பேச்சில் ‘காய்ச்சல்’ என்பது எல்லாச் சுரத்தையும் குறிக்கும் என்பதை நான் எண்ணிப் பார்க்கவில்லை. “கடந்த 12 மாதங்களில் இன்புளுவென்சா தடுப்பூசி ஏற்றிக்கொண்டீர்களா?” என்று பெயரையும் காலத்தையும் சேர்த்துத் திருத்திய பின்னரே விடைகள் நம்பத்தக்கவையாயின. எனவே முன்னோடி ஆய்வை ஒருபோதும் தவிர்க்காதீர்கள்.

ஏற்றிக்கொள்ளாதவரிடம் காரணம் கேட்கும்போது, விரும்பாதவரையும் கிடைக்காதவரையும் ஒரே பெட்டியில் அடைத்துவிடக் கூடாது. கல்லீரல் அழற்சி பி தடுப்பூசியைப் பயிற்சிக்கு முன்னரே எமக்கு ஏற்றிவிட்டார்கள். இன்புளுவென்சா தடுப்பூசியோ நம் தேசிய நோய்த்தடுப்பு அட்டவணையில் இல்லாததால், மாணவரே தேடிச்சென்று பணம் கொடுத்து ஏற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. அத்தகைய ஒருவரை ‘அக்கறையற்றவர்’ என்று எழுதுவது அநீதி என்றே இன்றும் கருதுகிறேன். நம்பிக்கையின்மை, நோயை இலேசாக எண்ணுதல், வசதியின்மை என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு தடுப்பூசித் தயக்கத்தின் காரணங்களை மூன்றாகப் பிரித்துக் காட்டியிருப்பது இங்கே பெரிதும் உதவும்.

மாதிரி அளவுக்கு, 95% நம்பிக்கை மட்டத்திலும் 5% வழுவிலும் பெரிய மக்கள்தொகைக்குக் கிடைக்கும் 384 என்ற எண்ணை அப்படியே எழுதிவிடாதீர்கள். மொத்த மாணவர் 200 பேரே என்றால், சிறிய தொகைக்கான திருத்தக் காரணி அதனை 132 ஆகக் குறைக்கும்.

வாய்மொழிப் பரீட்சையில் என்னிடம் கேட்கப்பட்டவை எளியனவே. ஆண்டுதோறும் ஏன் ஏற்ற வேண்டும்? வைரசு மாறிக்கொண்டே இருப்பதாலும், பெற்ற பாதுகாப்பு காலப்போக்கில் குறைவதாலும். உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இருமுறை தடுப்பூசியின் கூறுகளைப் பரிந்துரைப்பதும் அதனாலேயே. ஊசியாலேயே இன்புளுவென்சா வருமா? செயலிழக்கச் செய்த வைரசால் ஆன தடுப்பூசியால் வராது. பாதுகாப்பு உருவாக ஏறத்தாழ இரண்டு வாரங்கள் செல்லும் என்பதால், அடுத்த ஆண்டு மழைக்கு முன், புரட்டாதியிலேயே நான் அதனை ஏற்றிக்கொண்டேன்.