வீட்டில் இ.இ.ஜி.: ஒட்டுபவரும் பார்ப்பவரும்

வீட்டிலேயே மூளை அலைப் பதிவு (இ.இ.ஜி.) எடுக்கும் துறைக்கு வர நினைப்பவர்களுக்கு ஒன்று. இது ஒரு வேலை இல்லை, இரண்டு. ஒருவர் நோயாளியின் வீட்டுக்குப் போய்த் தலையில் மின்முனைகளை ஒட்டுவார். இன்னொருவர் எங்கோ உட்கார்ந்து ஒரே நேரத்தில் பல பேருடைய அலைகளையும் வீடியோவையும் பார்ப்பார்.

ஒட்டுவது முழுக்கக் கைத்திறன். மூக்கின் மேல் பள்ளத்திலிருந்து பிடரி மேடு வரை டேப் வைத்து அளக்கணும். 36 செ.மீ. வந்தால், மின்முனை ஒட்டும் இடத்துக்கான முதல் குறி 3.6-இல், பிறகு 7.2 செ.மீ.க்கு ஒன்று, உச்சிக் குறி சரியாக 18-இல் விழணும். தோலைத் தேய்த்துச் சுத்தம் செய்து, தோலுக்கும் மின்முனைக்கும் இடையிலான மின்தடையை 5 கிலோ ஓமுக்குக் கீழே இறக்கிவிட்டுத்தான் கிளம்பணும். 72 மணி நேரப் பதிவுக்கு வெறும் பேஸ்ட் தாங்காது, புரண்டு படுத்தாலே கழன்றுவிடும். கொலோடியன் என்ற பசை வேண்டும். அது சட்டென்று தீப்பிடிக்கும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், அடுப்புப் பக்கமே போகாதீர்கள்.

திரை பார்ப்பவருக்கு வேறு சோதனை. ஒரே ஒரு மின்முனையில் மட்டும் திடீரெனக் கூர்முனை வந்தால் பெரும்பாலும் அது மூளை இல்லை, ஒட்டு விட்டிருக்கும். வியர்த்தால் கோடு மெல்ல ஏறி இறங்கும். பல் துலக்கும்போது வரும் சீரான அலை வலிப்பு மாதிரியே ஏமாற்றும் (புதியவர்கள் விழும் குழி இதுதான்). வீடியோவைப் பார்க்காமல் எதையும் குறிக்காதீர்கள். நோய் இன்னதென்று சொல்வது நரம்பியல் மருத்துவர் வேலை.

ஷிஃப்ட் தொடங்கியதும் அலைகளைத் திறக்கும் முன், நோயாளியின் இப்போதைய முகவரியும் கூட இருப்பவரின் போன் எண்ணும் சரியா என்று பாருங்கள். வலிப்பு நிற்காமல் போனால் ஆம்புலன்ஸ் அங்கேதான் போகணும்.